கடன் கொடுக்காதவர் கையில் சிடிஎஸ்: தடை வேண்டுமா, வேண்டாமா?

வைகைக்கரை

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரெடிட் டிபால்ட் ஸ்வாப்பை (சிடிஎஸ்) அடியோடு ஒழிக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். ஒரு கம்பெனிக்கோ நாட்டுக்கோ ஒரு பைசா கடன் கொடுக்காதவர், அது திவாலானால் தனக்குப் பணம் வரும் என்று சிடிஎஸ் வாங்குகிறாரே, நேக்கட் சிடிஎஸ் என்கிறார்களே, அதைத்தான் தடை செய்யச் சொல்கிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாக. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது நமக்குத் தெரிந்த விஷயம். அதையே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்தால் அது கிட்டத்தட்ட சிடிஎஸ். 1 கோடி டாலர் கடனுக்கு 2 சதவீதம் என்றால் வருஷம் 2 லட்சம் டாலர் கட்டணம். கடன் வாங்கிய கம்பெனி ஒழுங்காகக் கட்டினால் விற்றவருக்கு அந்தக் கட்டணம் லாபம். கட்டாமல் போனால் நஷ்டத்தை விற்றவர் ஈடு கட்ட வேண்டும்.

இது ஆரம்பித்தபோது நியாயமான காரியமாகத்தான் இருந்தது. 1989இல் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய வழக்கில் எக்ஸானுக்கு 5 பில்லியன் டாலர் அபராதம் வரும் நிலை. ஜே.பி. மார்கன் வங்கியிடம் 4.8 பில்லியன் டாலர் கடன் வசதி கேட்டார்கள். பழைய வாடிக்கையாளர், மறுக்க முடியாது, ஆனால் அவ்வளவு பெரிய கடனைக் கணக்கில் வைத்தால் மூலதனம் முடங்கும். 1994இல் அந்த வங்கியின் பிளைத் மாஸ்டர்ஸ் குழு லண்டனில் இருக்கும் ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கியிடம் பேசி, கட்டணம் கொடுத்து அந்த அபாயத்தை அங்கே மாற்றியது. கடன் கொடுத்தவர் தன் கடனுக்குப் பாதுகாப்பு தேடினார், அவ்வளவுதான்.

அப்புறம் கடனே கொடுக்காதவர்களும் உள்ளே வந்தார்கள். 1998இல் அமெரிக்க டெரிவேட்டிவ் (வேறொன்றின் விலையைச் சார்ந்து நிற்கும் ஒப்பந்தங்கள்) சந்தையின் கண்காணிப்பு ஆணையத் தலைவர் புரூக்ஸ்லி பார்ன், இந்த ஒப்பந்தங்களுக்கு விதி வேண்டாமா என்று கேள்வி எழுப்பியபோது மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பான், நிதியமைச்சர் ரூபின் எல்லாரும் சேர்ந்து அவரை அடக்கினார்கள். 2000 டிசம்பரில் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மாநிலங்களின் சூதாட்டத் தடைச் சட்டங்கள் இந்த ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று எழுதியே வைத்தது. சூதாட்டச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2007 முடிவில் உலகத்தில் நிலுவையில் இருந்த சிடிஎஸ்ஸின் மொத்த முகமதிப்பு 60 ட்ரில்லியன் டாலரை ஒட்டி வந்துவிட்டது.

இங்கிலாந்தில் 1774லேயே ஒரு சட்டம் வந்தது. சம்பந்தமே இல்லாத ஆள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்து அவர் எப்போது சாவார் என்று பணம் கட்டிக் காத்திருந்தவர்களைத் தடுக்க, காப்பீடு எடுப்பவருக்கு அந்த உயிரில் உண்மையான அக்கறை இருக்க வேண்டும் என்று சொன்ன சட்டம். கப்பல் சரக்குக்கு அதற்கும் முன்பே, 1740களில், இதே விதி. 250 வருஷத்துக்கு முன் அவர்களுக்குப் புரிந்த விஷயத்தை நாம் ஏன் விட்டுக்கொடுத்தோம்?

தணிகை

வணக்கம் சார். நான் மும்பையில் ஒரு வங்கியின் டிரஷரியில் வேலை செய்கிறேன், பாண்ட் பக்கம். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அது தப்பான ஆள் மேல் பாய்கிறது என்பது என் எண்ணம்.

தடை கேட்கிற எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் உதாரணம் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஏஐஜி. அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். ஏஐஜியின் லண்டன் பிரிவு, கசானோ என்பவர் தலைமையில், வீட்டுக்கடன்களை மற்ற கடன்களோடு மூட்டை கட்டிய சிடிஓ பத்திரங்களுக்கு 78 பில்லியன் டாலர் அளவுக்கு சிடிஎஸ் விற்றிருந்தது. கம்பெனிக்கு மிக உயர்ந்த ஏஏஏ ரேட்டிங் இருந்ததால் முன்பணமாக மார்ஜின் எதுவும் வைக்கவில்லை. இழப்பு வந்தால் கொடுக்க ஒதுக்கீடும் இல்லை. 2007 ஜூலை கடைசியில் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி முதல் தடவையாகப் பிணை கேட்டது, 1.8 பில்லியன் டாலர். பத்திர விலை இறங்க இறங்க ஒவ்வொரு வங்கியாகக் கேட்க ஆரம்பித்தது. 2008 செப்டம்பர் 15 அன்று ரேட்டிங்கைக் குறைத்தார்கள், குறைத்ததுமே இன்னும் பல பில்லியன் பிணை வைக்க வேண்டிய கட்டாயம், கையில் பணம் இல்லை, மறுநாளே அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 85 பில்லியன் டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது.

இதில் நேக்கட் எங்கே இருக்கிறது சார்? அந்த நவம்பரில் நியூயார்க் ஃபெட் மெய்டன் லேன் 3 என்று ஒரு அமைப்பை உருவாக்கி, 62 பில்லியன் டாலர் முகமதிப்புள்ள சிடிஓக்களை அந்த வங்கிகளிடமிருந்தே வாங்கி சிடிஎஸ்ஸை ரத்து செய்தது. வாங்கியவர்கள் கையிலோ, அவர்களுடைய வாடிக்கையாளர் கையிலோ பத்திரம் இருந்தது என்றுதானே அர்த்தம்? உங்கள் தடை 2000லேயே வந்திருந்தாலும் ஏஐஜி அதே செப்டம்பரில் அதே மாதிரி விழுந்திருக்கும். காசு இல்லாமல் வாக்குக் கொடுத்தது விற்றவர் செய்த குற்றம். அதற்கு மருந்து மார்ஜினும் கிளியரிங்கும்தான் (ஒரு பொது நிறுவனம் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் உறுதி கொடுப்பது).

2008இல் விழுந்த லேமன் வங்கியைப் பாருங்கள். திவாலானதும் 400 பில்லியன் டாலர் கைமாற வேண்டியிருக்கும் என்று பீதி கிளப்பினார்கள். சிடிஎஸ் கணக்கைத் தீர்க்க நடந்த 2008 அக்டோபர் 10 ஏலத்தில் லேமன் பத்திரத்தின் விலை 100க்கு 8.625 என்று முடிவானது. பதிவாகியிருந்த 72 பில்லியன் டாலர் சிடிஎஸ்ஸில் ஒருவருக்கொருவர் கழித்துக்கொண்டது போக நிஜமாகக் கைமாறியது 5.2 பில்லியன். எல்லாரும் ஒழுங்காகக் கொடுத்துத் தீர்த்தார்கள். அந்தப் பீதிக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள தூரம்தான் இந்த விவாதம் முழுக்க இருக்கிற பிரச்சினை.

வைகைக்கரை

தணிகை, ஏஐஜி பற்றி நீங்கள் சொன்ன விவரங்களில் எனக்கு மறுப்பு இல்லை. மார்ஜின் வேண்டும், கிளியரிங் வேண்டும், எல்லாம் சரி. ஆனால் ஏஐஜிக்கு அவ்வளவு பாரம் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கடன் பத்திரம் வேண்டுமானால் யாராவது வீடு வாங்கிக் கடன் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு வரம்பு உண்டு. சிடிஎஸ்ஸுக்கு அந்த வரம்பு இல்லை. ஒரே பத்திரத்தின் மேல் எத்தனை பேர் வேண்டுமானாலும் பந்தயம் கட்டலாம். அந்தப் பந்தயங்களையே மூட்டை கட்டி சிந்தெடிக் சிடிஓ என்று விற்றார்கள். கோல்ட்மேனின் அபாகஸ் 2007-ஏசி1 அதில் ஒன்று. பால்சன் என்ற முதலீட்டு நிறுவனம், விழும் என்று தான் நினைத்த பத்திரங்களைத் தேர்ந்தெடுப்பதில் பங்கெடுத்துவிட்டு, அவற்றின் மேல் சிடிஎஸ் வாங்கியது. அதை வாங்குபவர்களிடம் சொல்லவில்லை என்பதுதான் 2010 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கோல்ட்மேன் மேல் போட்ட வழக்கு. மூன்று மாசத்தில் 550 மில்லியன் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். பால்சனுக்கு ஏறக்குறைய 1 பில்லியன் லாபம், ஜெர்மனியின் ஐகேபி வங்கிக்கு 150 மில்லியன் போச்சு.

அந்த ஒப்பந்தத்தால் ஒரு வீடு கூடக் கட்டப்படவில்லை. ஒருவர் கடனுக்கும் அது பாதுகாப்புத் தரவில்லை. நஷ்டம் மட்டும் பெருகியது. வாங்குபவர் கையில் பத்திரம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி விதி இருந்திருந்தால் அபாகஸ் பிறந்தே இருக்காது. அமெரிக்காவில் வீட்டுக்கடன் கட்டமுடியாமல் போனவர்களின் நஷ்டம் ஒரு அளவோடு நின்றிருக்கும், அதை ஜெர்மனியிலிருந்து நார்வே வரை பரப்பியதில் இந்தப் பந்தயங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

செல்வி_கோவை

இரண்டு பேர் சொல்வதும் புரிகிறது. ஒரு கேள்வி. ஐரோப்பாவில் ஏற்கெனவே நாடுகளின் கடன் மேல் நேக்கட் சிடிஎஸ்ஸைத் தடை செய்திருக்கிறார்கள் என்று படித்தேன். அங்கே என்ன நடந்தது? கிரேக்கத்தை இந்த சிடிஎஸ் வாங்கியவர்கள்தான் கவிழ்த்தார்கள் என்று அப்போது டிவியில் எல்லாம் சொன்னார்களே?

தணிகை

நல்ல கேள்வி மேடம், இது கொஞ்சம் நீளமாகப் போகும்.

2010 மார்ச்சில் ஜெர்மனியின் மெர்கெல், பிரான்ஸின் சார்க்கோசி, லக்சம்பர்க்கின் யுங்கர், கிரேக்கப் பிரதமர் பாப்பாண்ட்ரேயு நாலு பேரும் சேர்ந்து சிடிஎஸ்ஸை விசாரிக்கச் சொல்லி ஐரோப்பிய ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அதே மார்ச்சில் ஜெர்மனியின் கண்காணிப்பு அமைப்பான பாஃபின், கிரேக்கப் பத்திரங்களுக்கு எதிராக சிடிஎஸ் மூலம் பெரிய அளவில் ஊக வணிகம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. இரண்டு மாசம் கழித்து, மே 18 ராத்திரி, அதே பாஃபின் யூரோ நாடுகளின் கடன் மேல் நேக்கட் சிடிஎஸ்ஸைத் தடை செய்தது. யாரையும் கலக்கவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிரான்ஸ் நிதியமைச்சர் லகார்டே வருத்தப்பட்டார். மறுநாள் யூரோ நாலு வருஷத்தில் இல்லாத அளவுக்குச் சரிந்தது. ஜெர்மனிக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது என்று சந்தை பயந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க தடை 2012 நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. அதற்குள் கிரேக்கம் கடனை மறுசீரமைத்தே முடித்துவிட்டது. 2012 மார்ச் 9 அன்று, இது சிடிஎஸ்ஸில் பணம் கொடுக்க வேண்டிய நிகழ்வுதான் என்று டீலர்களும் முதலீட்டாளர்களும் அடங்கிய கமிட்டி தீர்மானித்தது. ஏலத்தில் விலை 21.5. விற்றவர்கள் 100க்கு 78.5 கொடுத்தார்கள். கழித்துக்கொண்டது போக மிச்சம் இருந்தது 3.2 பில்லியன் டாலருக்கான சிடிஎஸ், கொடுக்க வேண்டியது அதில் 2.5 பில்லியன். கிரேக்கத்தின் கடனோ 350 பில்லியன் யூரோ! இந்தச் சின்ன வால் அவ்வளவு பெரிய உடம்பை ஆட்டியது என்று என்னால் நம்ப முடியவில்லை. கிரேக்கம் பற்றாக்குறைக் கணக்கைப் பொய்யாகக் காட்டியது 2009 அக்டோபரில் வெளியே வந்தது. ஆரம்பம் அதுதான்.

2013இல் பன்னாட்டு நாணய நிதியம் (ஐஎம்எஃப்) இதை ஆராய்ந்தது. தடையை நியாயப்படுத்தும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. தடை வந்த பிறகு மேற்கு ஐரோப்பிய நாடுகளின் சிடிஎஸ் குறியீட்டில் வியாபாரம் வற்றிப்போனது. அபாயத்தைக் குறைக்க நினைத்தவர்கள் அந்த நாட்டு வங்கிப் பங்குகளை ஷார்ட் அடிப்பது (விலை இறங்கும் என்று கடன் வாங்கி விற்பது), வேறு பத்திரங்களை விற்பது என்று போனார்கள்.

வைகைக்கரை

வாலின் அளவை மட்டும் பார்க்காதீர்கள். சிடிஎஸ் விலையைத்தான் எல்லாரும் திவாலின் வெப்பமானியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது ஏறினால் செய்தி வரும், செய்தி வந்தால் பாண்ட் வைத்திருப்பவர் விற்பார், வட்டி ஏறும், வட்டி ஏறினால் நாடு நிஜமாகவே கஷ்டத்தில் விழும். பெரிய முதலீட்டாளரான சோரோஸ் 2009இல் சிடிஎஸ்ஸுக்குத் தடை கேட்டபோது சொன்ன காரணம் இதுதான், அவர் சந்தைக்கு வெளியே நின்று பேசுகிற ஆள் இல்லை.

2023 மார்ச் 24 நினைவிருக்கிறதா? சுவிஸ் வங்கி கிரெடிட் சூயிஸ் விழுந்த அடுத்த வெள்ளி. ஜெர்மனியின் டாய்ச்ச வங்கியின் சிடிஎஸ் திடீரென்று ஏறியது, அதைப் பார்த்துப் பங்கு ஒரு கட்டத்தில் 14 சதவீதம் வரை இறங்கியது. வங்கியில் அன்று புதிதாக எந்தக் கெட்ட செய்தியும் இல்லை. சில நாளில் ஐரோப்பிய மத்திய வங்கியின் மேற்பார்வைத் தலைவர் ஆந்திரியா என்ரியா வெளிப்படையாகவே சொன்னார்: இந்தச் சந்தையில் வெளிச்சம் இல்லை, ஆழம் இல்லை, சில மில்லியன் யூரோ போட்டால் ட்ரில்லியன் யூரோ வங்கிகள் வரை பயம் பரவுகிறது என்று. மேற்பார்வை பார்க்கிறவரே இப்படிச் சொன்ன பிறகு சின்ன வால் என்று எப்படி விட முடியும்?

மணல்மேடு

நான் இரண்டு பேரிடமிருந்தும் கொஞ்சம் விலகி நிற்கிறேன். நீங்கள் பேசாத ஒன்று இருக்கிறது, எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் வயிற்றெரிச்சல்.

2018, அமெரிக்காவில் ஹோவ்னேனியன் என்று வீடு கட்டும் கம்பெனி. கடன் சுமை உண்டு, ஆனால் வட்டி கட்டப் பணமும் உண்டு. பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கடன் பிரிவான ஜிஎஸ்ஓ அந்தக் கம்பெனி மேல் சிடிஎஸ் வாங்கி வைத்திருந்தது. ஜிஎஸ்ஓ கம்பெனியிடம் போய், சந்தையில் கிடைக்காத சலுகை வட்டிக்குப் புதுக் கடன் தருகிறேன், பதிலுக்கு உன் துணை நிறுவனம் கையில் இருக்கும் உன்னுடைய பத்திரத்துக்கு மட்டும் வட்டி கட்டாமல் விடு என்றது. அதாவது தனக்குத் தானே கட்ட வேண்டிய வட்டி, 1.04 மில்லியன் டாலர். அதோடு, விலை குறைவாகப் போகும்படி வடிவமைத்த ஒரு நீண்டகாலப் பத்திரமும் வெளியிட ஏற்பாடு. ஏலத்தில் பத்திர விலை குறைந்தால் சிடிஎஸ் வாங்கியவருக்கு அதிகப் பணம் வரும் இல்லையா, அதற்காக. மே 1 அன்று சொன்னபடியே வட்டி கட்டவில்லை. சிடிஎஸ் விற்றிருந்த சோலஸ் என்ற ஃபண்ட் ஜனவரியிலேயே வழக்குப் போட்டிருந்தது. செயற்கையாகத் திவாலை உண்டாக்குவது சந்தை மோசடியாகலாம் என்று டெரிவேட்டிவ் ஆணையமும் ஏப்ரலில் எச்சரித்திருந்தது. கடைசியில் சமரசம் பேசி, கெடு முடிவதற்குள் வட்டியைக் கட்டிவிட்டார்கள்.

அதற்கு முன்பே 2013இல் ஸ்பெயினின் கோடேரே கம்பெனி விஷயத்தில் இதே ஜிஎஸ்ஓ கடன் கொடுத்து, வட்டியை இரண்டு நாள் தாமதமாகக் கட்ட வைத்து, சிடிஎஸ்ஸில் பணம் பார்த்தது.

இப்போது வைகைக்கரை சாருக்கு என் கேள்வி. இந்த ஆள் கடன் கொடுத்தவர். உங்கள் விதிப்படி கடனில் உண்மையான அக்கறை உள்ளவர். ஆனால் கம்பெனி கட்டாமல் போவதில்தான் அவருக்கு லாபம். 100 ரூபாய் கடன் கொடுத்துவிட்டு 500 ரூபாய்க்கு சிடிஎஸ் வைத்திருப்பவர் கடன்காரர் கூட்டத்தில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டால் என்ன ஆகும்? 2019இல் விண்ட்ஸ்ட்ரீம் என்ற டெலிபோன் கம்பெனியை ஆரீலியஸ் என்ற பாண்ட்காரர் ஒரு பழைய ஒப்பந்த மீறலைக் காட்டிக் கோர்ட்டுக்கு இழுத்தார். பிப்ரவரி 15 அன்று தீர்ப்பு, பத்து நாளில் கம்பெனி திவால் மனு போட்டது. வழக்குப் போட்டவர் சிடிஎஸ்ஸும் வைத்திருந்தார் என்று சந்தை முழுக்கப் பேசினார்கள். உண்மையா என்று வெளியே இருப்பவர் பார்க்க வழியே இல்லை.

வைகைக்கரை

மணல்மேடு, நீங்கள் சொல்வது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. அக்கறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். 100 ரூபாய் கடனுக்கு 100 ரூபாய்க்கு மேல் சிடிஎஸ் கூடாது. அந்த 500இல் 400 நேக்கட்தான். அந்த 400ஐத் தடுத்தால் ஹோவ்னேனியனில் நடந்தது நடக்காது, ஏனென்றால் தான் கொடுத்த கடன் திரும்பி வந்தாலும் சரி, சிடிஎஸ் பணம் வந்தாலும் சரி, அவருக்கு ஒன்றுதான்.

தணிகை

கொடுத்த கடன் அளவுக்கு மட்டும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, அளப்பது யார்? ஒரு ஊரில் ஒரு கார் தொழிற்சாலை. அதற்கு உதிரிபாகம் சப்ளை செய்யும் கம்பெனிக்கு நான் கடன் கொடுத்திருக்கிறேன். கார் கம்பெனி விழுந்தால் என் கடன் போச்சு. சப்ளையர் பெயரில் சிடிஎஸ் கிடையாது, கார் கம்பெனி பெயரில் உண்டு. அதை வாங்கினால் நான் சூதாடியா? ஐரோப்பிய விதி எழுதியவர்களுக்கே இது தெரிந்ததால், நாட்டின் பாண்ட் கையில் இல்லாவிட்டாலும் அந்த நாட்டோடு விலை ஒட்டிப்போகும் சொத்து இருந்தால் வாங்கலாம் என்று விலக்கு வைத்தார்கள்.

இன்னொன்று, பாண்ட் வைத்திருப்பவர் மட்டுமே வாங்கலாம் என்றால் விற்பவர் தன் அபாயத்தை யாரிடம் இறக்குவார்? சிடிஎஸ் விற்ற ஒரு டீலர் பதிலுக்கு இன்னொருவரிடம் வாங்குகிறாரே, அவரிடமும் பத்திரம் இல்லை. டீலருக்கு விலக்குக் கொடுக்காமல் இந்தச் சந்தையே கிடையாது, ஐரோப்பாவும் கொடுத்திருக்கிறது.

ஆனால் மணல்மேடு சொன்ன விஷயத்தில் நான் முழுக்க உடன்படுகிறேன். செயற்கைத் திவால் அசிங்கம், எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர். 2019இல் ஒப்பந்த வரையறையையே மாற்றி, கம்பெனியின் நிதிநிலை நிஜமாகக் கெட்டதால் வந்த தவணைத் தவறாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2023இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் இதை மோசடி விதிக்குள் கொண்டுவந்தது. யாரிடம் எவ்வளவு சிடிஎஸ் இருக்கிறது என்று ஒரு அளவுக்கு மேல் போனால் பெயரோடு வெளியிட வேண்டும் என்பதற்கும் நான் தயார்.

செல்வி_கோவை

நம் ஊரில் என்ன நிலை? உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஐஎல்&எஃப்எஸ் 2018இல் விழும்போது ஏஏஏ ரேட்டிங் வைத்திருந்ததே, அதற்கு யாராவது சிடிஎஸ் வைத்திருந்தார்களா?

தணிகை

இங்கே சொல்லிக்கொள்ளும்படி சந்தையே இல்லை மேடம். ரிசர்வ் வங்கி 2011 டிசம்பரில் சிடிஎஸ்ஸை அனுமதித்தது, வைகைக்கரை சார் கேட்கிற அதே விதியோடு. பத்திரம் கையில் இருந்தால் மட்டுமே வாங்கலாம், பத்திரத்தை விற்றால் குறிப்பிட்ட நாளுக்குள் சிடிஎஸ்ஸையும் முடித்துக்கொள்ள வேண்டும். பத்து வருஷமாகப் பெரிதாக வியாபாரம் ஏதும் நடக்கவில்லை. 2022 மே மாசம் அமலுக்கு வந்த புது விதியில் சில்லறை முதலீட்டாளருக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை வைத்துவிட்டு, மற்ற நிறுவனங்கள் பத்திரம் இல்லாமலும் வாங்கலாம் என்று தளர்த்தினார்கள். தடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

வைகைக்கரை

அந்தச் சாட்சியை நான் ஏற்கவில்லை. 2011இலிருந்து சந்தை வளராததற்கு நேக்கட் தடை ஒன்றுதான் காரணமா? ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கலைக் கழித்துக்கொள்வதற்கான நெட்டிங் சட்டமே நம் நாட்டில் 2020இல்தான் வந்தது. அதுவரை வங்கிகள் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனித்தனியாக மூலதனம் ஒதுக்க வேண்டியிருந்தது. இங்கே பாண்ட் வெளியிடுபவர்களில் பெரும்பாலோர் உயர்ந்த ரேட்டிங் உள்ளவர்கள், வாங்குவது இன்சூரன்ஸும் பிஎஃபும், வாங்கிவிட்டு முதிர்வு வரை வைத்திருப்பார்கள். சிடிஎஸ் விற்க முன்வருபவர் யார்? 2022இல் தளர்த்திய பிறகும் சந்தை பொங்கி எழவில்லையே. அப்படியானால் தடை அல்ல காரணம்.

ஐஎல்&எஃப்எஸ் போல ஒன்று மறுபடி வரும்போது, அதன் பாண்டில் பிஎஃப் பணம் போட்டிருக்கும் ஒரு டிரஸ்டுக்கு சிடிஎஸ் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். அந்த டிரஸ்டுக்கு முன்னால் வரிசையில் நின்று, கம்பெனி விழுவதற்காகவே வாங்கிக் காத்திருப்பவருக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். தணிகை சொன்ன சப்ளையர் உதாரணத்துக்கு விலக்கு எழுதலாம், டீலருக்கும் எழுதலாம். எழுதிய விலக்கை யார் பயன்படுத்துகிறார், எவ்வளவுக்கு என்று ரிசர்வ் வங்கி பெயரோடு மாசாமாசம் வெளியிடட்டும். பெயர் வெளியிட நீங்கள் தயார் என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் நமக்குள் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பட்டியலில் எந்தக் கடனும் கொடுக்காத, எந்த விலக்கிலும் அடங்காத ஒரு பெயர் வந்தால் அவரை என்ன செய்வது? முடித்துக்கொள்ளச் சொல் என்கிறேன் நான். உங்கள் பதில் என்ன?

தணிகை

மார்ஜின் முழுசாகக் கட்டியிருந்தால், கடன்காரர் கூட்டத்தில் ஓட்டு இல்லை என்றால், இருக்கட்டும் என்பேன். அவர் வாங்கினால்தான் அந்த டிரஸ்டுக்கும் விலை கிடைக்கும்.

மணல்மேடு

ஓட்டு இல்லை என்பதை முதலில் சட்டமாக எழுதச் சொல்லுங்கள். நம் திவால் சட்டத்தில் கடன்காரர் கமிட்டியில் 66 சதவீதம் ஓட்டு இருந்தால் ஒரு கம்பெனியின் தலையெழுத்தையே முடிவு செய்யலாம். அந்த மேசையில் உட்காருபவர் தன்னிடம் சிடிஎஸ் இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்காரட்டும். நேக்கட் தடை பற்றி அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.